அம்மாவின் மொட்டைக்கு நான் சொன்ன காரணம்

போன மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி காலேஜ் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா, குளிருகிறதா, ஸ்வெட்டர் போட்டாயா என்று எல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் சொன்னாள்.

"பயந்துக்காத, ஒண்ணும் இல்ல. மார்ல வலப்பக்கம் ஒரு கட்டி மாரி கீது. இங்க டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரில காட்டிடுங்கன்னு சொல்றாங்க."

இதைக் கேட்டால் எந்த மகளும் பயப்படுவாள். எனக்கு அதற்கு மேலேயும் ஒன்று இருந்தது. என் அம்மாவுக்குக் கேன்சர் என்று ஐந்து மாதமாக நான் காலேஜ் முழுக்க நம்பவைத்திருந்தேன். அந்த ஐந்து மாதமும் அவளுக்கு ஒரு நோயும் இல்லை.

கிருத்திகைதோறும் கூடி முருகனைப் பாடும் அடியார்களே, நம் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னையும் பேசச் சொல்லி இரண்டு முறை கேட்டீர்கள். மைக் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். படித்த பிறகு என் பக்கத்தில் உட்கார யாருக்காவது பிடிக்காமல் போனால் அதுவும் நியாயம்தான்.

என் பெயர் வினோதினி. சொந்த ஊர் குடியாத்தம். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். பிளஸ் டூ முடித்ததும் பெங்களூரில்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். காலேஜ் போட்ட முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பட்டியலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா விளக்கேற்றி, பொண்ணுக்கு சீட்டு கிடைத்தால் அவள் முடியைத் திருத்தணியில் இறக்கிவிடுகிறேன் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பட்டியலில் என் பெயர் இருந்தது.

கிடைக்கும்வரை தலையாட்டினவள், கிடைத்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகலாம் என்று அம்மா சொன்னாள். அந்த நாளில் காலேஜ் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். முதல் வருஷத்தில் மொட்டைத் தலையோடு போய் நின்றால் நான்கு வருஷமும் அதுதான் என் பெயராக இருக்கும் என்று கத்தினேன். தீபாவளி லீவில் கொடுத்துக்கொள்ளலாம் என்றேன். சாமியிடமே தவணை கேட்கிறாயா என்றாள் அம்மா. அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன்.

பெங்களூரில் அப்பா என்னை ஒரு பி.ஜி. விடுதியில் சேர்த்துவிட்டுப் போனார். அறையில் மூன்று பேர். மற்ற இருவரும் லக்னோ பக்கம். அவர்களில் நேஹா என்பவள் கொஞ்சம் சிரிப்பாள், இன்னொருத்தி அதுவும் இல்லை. அறையில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ், கேன்டீனில் கன்னடம். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கு மூன்றும் காதோடு நின்றுவிட்டன. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மேஜையில் போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றிருக்கிறீர்களா? முதல் வாரம் முழுக்க நின்றேன். அதற்குப் பிறகு பிஸ்கட் பாக்கெட்டோடு லைப்ரரிப் படிக்கட்டுக்குப் போய்விட்டேன். அந்த நாட்களில் யாராவது என்னிடம் ஒரு வார்த்தை பேசினார்கள் என்றால் அது என் முடியைப் பற்றித்தான். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. என்ன எண்ணெய் தடவுகிறாய் என்று நேஹா கேட்டாள். அதைத்தான் முருகனுக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பருப்புப்பொடியும் முறுக்கும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள். பஸ்ஸில் காற்று அடித்திருக்கும் என்று நினைத்தேன். அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் முந்தானை நழுவியது. மொட்டை.

"வேண்டிக்கினது நானு, உன்ன ஏன் கஷ்டப்படுத்தணும்? என் முடியக் குடுத்துட்டேன். அவன் ஏத்துக்குவான்" என்றாள். இட்லிக்கு ஊறப்போட்டதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அறையில் இருந்த இருவரும் அம்மாவையே பார்த்தார்கள். அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நம் ஆட்கள் யாராவது பார்த்திருந்தால் திருத்தணியா பழனியா என்றுதான் கேட்டிருப்பார்கள். அம்மா பஸ் ஏறின பிறகு நேஹா என் தோளில் கை வைத்து, ஆன்ட்டிக்கு உடம்புக்கு என்ன என்று மெதுவாகக் கேட்டாள்.

பதில் சொல்லும் அளவுக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். டெம்பிள், ஹேர், மதர் என்று மூன்று வார்த்தை போதும். ஆனால் எதற்காக என்று அடுத்த கேள்வி வரும். நான் தர வேண்டியதை அம்மா தந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டிவரும். எல்லோரும் ஆசையாகப் பார்க்கிற என் முடி அப்புறம் எப்படித் தெரியும்? 'ட்ரீட்மென்ட்' என்று மட்டும் சொன்னேன். கேன்சரா என்று நேஹா கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வார்த்தையை அன்றைக்கு என் வாயால் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாளே எல்லாம் மாறியது. நேஹா ஜன்னலோரக் கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்தாள். பஸ்ஸில் இடம் பிடித்து வைத்தார்கள். கேன்டீனில் கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். எந்த மேஜை என்று யோசிக்கிற வேலை இல்லை. புது இடத்தில் எல்லோரும் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தவளுக்கு, அம்மாவை நோயாளி ஆக்கினால் போதும் என்று தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன்.

முதல் பொய்யாவது பயத்தில் வந்தது. இரண்டாவது அப்படி இல்லை. ஆவணியில் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து இங்கிலீஷில் பத்து நிமிஷம் செமினார் எடுக்க வேண்டும். என் நாள் வந்தபோது வகுப்புக்குப் போகாமல் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் எங்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் போய், நேற்று அம்மாவுக்குக் கீமோ, ஊருக்குப் போயிருந்தேன் என்றேன். இந்த முறை வார்த்தையை நானே சொன்னேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, செமினார் எடுக்க வேண்டாம், மார்க் போட்டுவிடுகிறேன் என்றார். கண்ணீர் வந்தது. அதையும் அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

ரேகா என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். என் வகுப்புதான், ஜோகுபாளையத்துப் பெண், மூன்று தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழ்க் குடும்பம், 'சும்மா' என்பதைக்கூடக் கன்னடத்தில் 'சும்னே' என்பாள். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எத்தனையாவது கீமோ என்று கேட்டாள். மற்றவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ரேகாவின் அம்மா அந்த நோயில்தான் போனார். அப்போது ரேகா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றது, ஃபைல் தூக்கியது எல்லாம் அவள்தான்.

"எங்கம்மாக்கு முடி திரும்பி வளரவே இல்ல. உங்கம்மாக்கு வளரும், நீ பாரு" என்றாள்.

எத்தனையாவது கீமோ என்றதற்கு நான் மூன்றாவது என்று பதில் சொன்னேன். வாயில் வந்த எண் அது.

அந்தப் பெண் எனக்குச் செய்ததற்குக் கணக்கே இல்லை. எந்த பஸ்ஸில் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். கன்னடத்தில் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தாள். என்னை எதிரில் நிற்கவைத்து இங்கிலீஷில் பேசவைத்தாள். தப்பாகப் பேசினால் சிரிப்பாள், ஆனால் நிறுத்த விட மாட்டாள். நான் இன்றைக்கு வகுப்பில் எழுந்து பேசுகிறேன் என்றால் அது ரேகா போட்ட பிச்சை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தன் தெரு முருகன் கோவிலில் என் அம்மா பெயருக்கு விளக்குப் போட்டு, விபூதியைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள், ஊருக்கு அனுப்பச் சொல்லி. நான் எப்படி அனுப்புவேன்? எதற்கு என்று அம்மா கேட்பாளே. பொட்டலங்கள் என் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின. அலமாரியைத் திறக்கவே பயமாக இருந்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் தலையில் முடி குச்சி குச்சியாக வளர்ந்திருந்தது. பொங்கலுக்குப் பிறகு ட்ரீட்மென்ட் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று திட்டம் போட்டேன். பெற்ற தாயை எப்போது குணமாக்கலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த போன் வந்தது.

வாயில் ஆகாத சொல் வந்தால், 'அபசகுனமா பேசாத, பலிச்சிடும்' என்று அம்மா சின்ன வயதில் என் வாயில் தட்டியிருக்கிறாள். அன்று வகுப்புக்குப் போகவில்லை. காலேஜ் பாத்ரூமில் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தேன், கருப்பாக மச்சம் ஏதாவது இருக்கிறதா என்று. இப்போது எழுதும்போது சிரிப்பாகக்கூட இருக்கிறது. அன்றைக்கு அம்மாவுக்கு இந்த நோயை வரவழைத்தது என் நாக்குதான் என்று சத்தியமாக நம்பினேன்.

காலேஜுக்குப் பின்னால் ஒரு சின்ன முருகன் சன்னிதி இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போவேன், ஐந்து மாதமாக நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று போய் விழுந்தேன். முதலில் பேரம்தான் பேசினேன். என் முடியை எடுத்துக்கொள், என் படிப்பை எடுத்துக்கொள், அம்மாவை விட்டுவிடு என்றேன். சொல்லும்போதே உறைத்தது. ஒருமுறை வேண்டிக்கொண்டு ஏமாற்றியவள் மறுபடியும் எந்த முகத்தோடு விலை பேசுகிறேன்? நிறுத்திவிட்டேன். எனக்கு இந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரியும் தெரியாது, அம்மாவை எங்கே கூட்டிப்போக வேண்டும் என்று தெரியாது, வழி காட்டு என்று மட்டும் கேட்டேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டுகிறேன், எதிரில் ரேகா. கையில் விபூதிப் பொட்டலம். செவ்வாய்க்கிழமை அல்லவா? வகுப்பில் என்னைக் காணாமல் தேடிக்கொண்டு வந்திருந்தாள். உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், கேட்ட அடுத்த நிமிஷமே உதவி வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முருகா, வேறு யாரையாவது அனுப்பியிருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.

அம்மாவுக்குப் புதிதாகக் கட்டி வந்திருக்கிறது என்று சொன்னேன். ரேகா முகம் வெளுத்துப்போனது. ஆனால் உடனே வேலையில் இறங்கினாள். எந்த டாக்டர், எந்த கவுன்ட்டர், எத்தனை மணிக்குப் போனால் டோக்கன் கிடைக்கும் என்று மளமளவென்று சொன்னாள்.

"சும்னே அழாத. முதல்ல பழைய ஃபைல் எல்லாம் எடுத்துக் குடு. அது இல்லாம டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

பழைய ஃபைல் ஏது? அங்கேயே செருப்புகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தணி, மொட்டை, நேஹா, செமினார், மூன்றாவது கீமோ என்று வாயில் வந்த எண். அலமாரியில் கிடக்கும் பொட்டலங்களையும் சொன்னேன். கடைசியில் அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"எங்கம்மா எப்படிச் செத்தாங்கன்னு உங்கிட்ட சொன்னேனே. அப்பக்கூட உனக்கு வாய் வரலயா?"

வரவில்லை என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வழி கேட்டேன், இருந்த ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. ஆஸ்பத்திரிப் பெயர், டாக்டர் பெயர், வியாழக்கிழமை எட்டு மணிக்கு டோக்கன். கீழே ஒரு வரி: 'உனக்காக இல்ல, உங்கம்மாக்காக.'

அப்பாவால் வேனை விட்டு வர முடியாததால் அம்மா தனியாக ரயிலேறி கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். ரேகா எங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் நின்றிருந்தாள். அம்மாவின் பையை வாங்கிக்கொண்டாள். கன்னடத்தில் பேசி ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்திக் கட்டியிலிருந்து எடுத்தபோது அம்மா பிடித்துக்கொண்டது ரேகாவின் கையை. என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் சிநேகிதி உன்னிடம் மட்டும் பேச மாட்டேன் என்கிறதே என்று அம்மா கேட்டாள், நான் ஏதோ முணுமுணுத்தேன்.

ரிசல்ட் திங்கட்கிழமை என்றார்கள். பி.ஜி.யில் வெளியாள் தங்கக் கூடாது. ரேகா அம்மாவை ஜோகுபாளையத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். என்னைக் கூப்பிடவில்லை. போவதற்கு முன்னால் என்னைத் தனியாக நிறுத்தி, உங்கம்மாவிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன், அதை நீதான் சொல்ல வேண்டும் என்றாள்.

அன்று சாயங்காலமே சன்னிதிக்குப் போய் இந்த முறை எதையும் பதிலுக்குக் கேட்காமல் சொன்னேன்: கட்டி எதுவாக இருந்தாலும் நான் சொன்ன பொய்யை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், ரிசல்ட் வருகிறவரை காத்திருக்க மாட்டேன். தவணை கேட்டதுதானே என் முதல் குற்றம். வெள்ளிக்கிழமை மேடத்திடம் போனேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், செமினார் மார்க்கை அடித்தார், இனி ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தால் நான் நம்புவதா வேண்டாமா என்று கேட்டார். சாயங்காலம் நேஹாவிடம் சொன்னேன். ஜன்னலோரக் கட்டிலை நானே திருப்பிக் கொடுத்தேன். சனிக்கிழமை கேன்டீனில் யாரும் கையை ஆட்டவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நின்றேன். அது எனக்கு வேண்டியதுதான். இப்போது அம்மாவை மட்டும் காப்பாற்று என்று நின்றபடியே வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டி, ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். அம்மா இருந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். ரேகா வெளியே போய் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அவள் அம்மாவுக்குக் கிடைக்காத சொல் அது.

கட்டி முதல் நாளிலிருந்தே சாதாரணக் கட்டிதானே, இதில் முருகன் என்ன செய்தான் என்று வகுப்பில் ஒருவன் பிறகு கேட்டான். கட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் மாதக்கணக்கில் ஏமாற்றிய ஒரு பெண்ணை என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தானே, அதை வேறு யார் செய்ய முடியும்?

மீதி இருந்தது அம்மா. அன்றைக்கே ஸ்டேஷனில் ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சொன்னேன். உனக்குக் கேன்சர் என்று சொல்லித்தான் இங்கே எல்லோரிடமும் சிநேகிதம் பிடித்தேன் என்றேன். இப்போதாவது என் முடியைக் கொடுத்துவிடட்டுமா என்றும் கேட்டேன். நான்தான் கொடுத்துவிட்டேனே, ஒரு வேண்டுதலுக்கு இரண்டு தலையா என்றாள் அம்மா. அப்புறம் தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு உன் ரூம்ல என் முந்தானைய இழுத்து தலைய மூடி வுட்டியே. அப்பவே எனக்கு இன்னாவோ மாரி ஆயிடுச்சி. நம்ம பொண்ணுக்கு நம்மளப் பாத்தா வெக்கமா கீதுன்னு நெனச்சிக்கினேன். அதான் அப்புறம் ஒனக்குப் பொடி எடுத்துக்கினு நான் வரல, அப்பா கையில குடுத்து வுட்டேன்."

அடியார்களே, அந்த முந்தானை விஷயத்தை மேலே நான் எழுதவில்லை. அம்மா வந்த நாளைப் பற்றி எழுதும்போது கையில் வந்தது, வேண்டுமென்றேதான் விட்டேன். இவ்வளவும் சொல்ல வந்தவளுக்கு அதைச் சொல்ல முடியவில்லை. நான் செய்ததிலேயே அதுதான் பெரியது, அதைப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான். உன்னைப் பார்த்து வெட்கப்படவில்லை அம்மா, நான் தராமல் நீ தந்துவிட்டாயே என்றுதான் மூடினேன் என்று அவள் மடியில் விழுந்து சொன்னேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ரயில் வரும்வரை என் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது மாதம் ஒருமுறை அவளே பொடி எடுத்துக்கொண்டு வருகிறாள்.

செமினாரை நான் மறுபடியும் எடுத்தேன், மார்க்கே இல்லாமல். நேஹா பழையபடி பேசுகிறாள். ரேகா இன்னும் என்னோடு முழுதாகப் பேசவில்லை, ஆனால் அம்மாவுக்கு வாராவாரம் போன் செய்கிறாள். அவளுடைய மன்னிப்பு கிடைக்க வேண்டும் என்று நான் முருகனிடம் கேட்பதில்லை. அதை அவளிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் எதையாவது மறைத்து வைத்துக்கொண்டு அவன் முன்னால் நிற்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து வந்துவிடுங்கள். முதலில் மனுஷர்களிடம் சொல்லிவிட்டுப் பிறகு அவனிடம் போவதுதான் முறை. நானோ அந்த முறைப்படிகூடப் போகவில்லை; வாக்கை மீறி, பொய் சொல்லி, போக வேறு இடமே இல்லை என்ற பிறகுதான் அவனிடம் போனேன். அப்படி வந்தவளுக்கே அவன் காது கொடுத்தான் என்றால், உங்களுக்குக் கொடுக்க மாட்டானா?